ஆறப் பொறுக்காத அவசரம்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியாவின் முகமே மாறிவிடும். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகறி வாவியில் படகுச் சவாரி என்று நகரம் களைகட்டும். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகக் கொழும்பிலிருந்து வேகக் கார்களும் மலையேறி வரும். அதிகாலையில் பனிமூட்டம் விலகுவதற்கு முன்னரே அவற்றின் உறுமல் தேயிலை மலைகளில் எதிரொலிக்கும். கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்கள் கூடையோடு ஓரமாக ஒதுங்கி நிற்பர். சிறுவர்கள் கைதட்டி மகிழ்வர். கார் போய்விடும். புகை மட்டும் சற்று நேரம் அங்கேயே நிற்கும்.

அரசியலையும் தோட்டத் தொழிலாளர் பிரச்சினைகளையும் எழுதிப் பழகிய இவனுக்குக் கார்களைப் பற்றி என்ன தெரியும் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் பொறியியலாளன் அல்லன். ஆனால் செய்தி தேடி ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்குமாகப் பல்லாண்டுகள் அலைந்தவன். அந்த அலைச்சலில் தோட்டத்து லொறிச் சாரதிகளோடும், கராஜ்களில் கையெல்லாம் கிறீஸ் அப்பிய தம்பிமாரோடும் பேசிய பேச்சுகள் ஏராளம். ஒரு வாகனத்தை அழிப்பது அதன் வேகம் அன்று, அதை ஓட்டுபவரின் அவசரமே என்பது அந்தப் பேச்சுகளிலிருந்து எனக்குக் கிடைத்த முடிவு. பின்னர் வாசித்து அறிந்தவையும் அதையே உறுதி செய்தன. விலையுயர்ந்த வேகக் கார்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை' என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். கார் எஞ்சினைப் பொறுத்தவரை நம்மவர்கள் ஆறவும் பொறுப்பதில்லை, முறையாக ஆக்கவும் அறிவதில்லை.

முதலில் ஆக்கும் விடயத்தைப் பார்ப்போம். குளிர்ப் பிரதேசத்தில் காலையில் காரை முடுக்கிவிட்டு, பத்து நிமிடமோ இருபது நிமிடமோ நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிடுவது பலருடைய வழக்கம். "எஞ்சின் சூடாகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தேநீர் அருந்துவார்கள். காருக்குச் செய்யும் பெரிய மரியாதை என்று அதை நினைக்கிறார்கள். பழைய லொறிச் சாரதிகளும் அப்படித்தானே செய்தார்கள் என்று சான்றும் காட்டுகிறார்கள்.

லொறிச் சாரதிகள் அப்படிச் செய்தது உண்மை. ஆனால் அதற்கு வேறு காரணம் இருந்தது. பாரிய லொறிகளிலும் பஸ்களிலும் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. இரவு முழுவதும் நின்ற வாகனத்தில் அந்தக் காற்று கசிந்து குறைந்துபோயிருக்கும். எஞ்சின் ஓடி, காற்றுத் தாங்கி மீண்டும் நிரம்பினால்தான் பிரேக் பிடிக்கும். அதுவரை வண்டியை நகர்த்துவது தற்கொலைக்கு ஒப்பானது. ஆகவே காலை ஐந்து மணிக்கு ஹட்டன் பஸ் நிலையத்தில் பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றது எஞ்சினுக்காக மட்டும் அன்று, பிரேக்குக்காகவும்தான்.

அக்காலத்துக் கார்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. அவற்றில் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேற்றர். குளிரில் பெற்றோல் சரியாக ஆவியாகாது. சாரதி சோக் குமிழை இழுத்துவிட்டு, எஞ்சின் திணறாமல் ஓடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைய கார்களில் அந்த வேலையை உணரிகளும் கணினியும் பார்த்துக்கொள்கின்றன. கார்புரேற்றர் போய்விட்டது. சோக்கும் போய்விட்டது. காத்திருக்கும் பழக்கம் மட்டும் காரணத்தைத் தொலைத்துவிட்டு நம்மோடு தங்கிவிட்டது.

நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் மிகக் குறைந்த எரிபொருளையே எரிக்கிறது. ஆகவே அது மிக மெதுவாகவே சூடாகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி வழக்கத்தைவிடக் கூடுதலான பெற்றோலைக் கொடுக்கும். அதில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டரின் சுவரில் படிந்து, அங்கே காவல் நிற்கும் ஒயில் படலத்தைக் கழுவிவிடும். எஞ்சிய பெற்றோல் கீழே வடிந்து ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். போதாக்குறைக்குத் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். எஞ்சின் சூடாக இருந்தால் அந்த ஆவி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். குளிராக இருந்தால் ஒரு பகுதி உள்ளேயே தங்கி நீராகிவிடும். ஒயில் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் பால்கோப்பி நிறத்தில் ஒரு பிசுபிசுப்புக் காணப்படுவது பெரும்பாலும் இதனால்தான். இருபது நிமிடம் காத்திருந்தவர் தமது காருக்கு மரியாதை செய்யவில்லை. அந்த இருபது நிமிடமும் அதன் மோசமான நிலையை நீட்டித்திருக்கிறார்.

அப்படியானால் முடுக்கிய உடனேயே பறந்துவிடலாமா என்றால், அது இதைவிடக் கேடு. எஞ்சின் ஒயில் குளிரில் தேன்போலத் தடித்திருக்கும். சாதாரணமாகப் பயன்படும் ஒயில் ஒன்றின் தடிப்பு, 40 பாகை வெப்பத்தில் இருப்பதைவிட 100 பாகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகைதான். ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் விடியற்காலைகளில் தேயிலைச் செடிகளை உறைபனி கருக்கிவிடும் நாட்களும் உண்டு. அந்தக் குளிரில் ஒயில் எவ்வளவு தடித்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த ஒயிலை நம்பி எஞ்சினை நிமிடத்துக்கு 6000 சுற்று சுழலவைப்பது, நித்திரையால் எழுந்த மனிதனைப் படுக்கையிலிருந்தே ஓட்டப் பந்தயத்துக்கு இழுத்துச் செல்வதற்குச் சமம்.

உலோகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. பல எஞ்சின்களின் உடல் வார்ப்பிரும்பு. ஒரே அளவு வெப்பத்துக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆகவே சூடானபின் சரியாகப் பொருந்தும்படியே பிஸ்டனை அளவெடுத்துச் செய்கிறார்கள். குளிரில் அது சற்றுத் தளர்வாகவே இருக்கும். அதிக வலுவுக்காக அடித்துச் செய்த பிஸ்டன் பொருத்திய வேகக் கார்களில் இந்தத் தளர்வு இன்னும் அதிகம். காலையில் முடுக்கியவுடன் 'டக் டக்' என்று கேட்டு, சூடானதும் மறைந்துவிடும் ஓசை பலவேளைகளில் இதன் விளைவே. அந்த ஓசை கேட்கும்போது ஆக்சிலரேட்டரை மிதிப்பவர் தமது பணத்தை மிதிக்கிறார்.

ஆக, வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முடுக்கிய பின் அரை நிமிடம், கடும் குளிரானால் ஒரு நிமிடம் பொறுக்கலாம். ஒயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர அது போதும். அதன்பின் மென்மையாக ஓட்டத் தொடங்க வேண்டும். சுழற்சியை 2500, 3000 சுற்றுக்குள் வைத்து, ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்தாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டினால் எஞ்சின் தானாகச் சூடாகிவிடும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கியர்ப் பெட்டியின் ஒயிலும், பின் அச்சின் ஒயிலும், டயர்களும் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவதால் சூடாவதில்லை. அவை ஓடினால்தான் சூடாகும். போர்ஷே நிறுவனம் தனது கார்களோடு கொடுக்கும் கையேட்டிலும், நிறுத்திவைத்துச் சூடாக்க வேண்டாம், உடனே புறப்படுங்கள், உரிய வெப்பம் வரும்வரை அதிகச் சுழற்சியைத் தவிருங்கள் என்றுதான் அறிவுறுத்துகிறது. ஜெர்மனியிலோ, தேவையின்றி எஞ்சினை ஓடவிட்டு நிற்பதை வீதிப் போக்குவரத்துச் சட்டமே தடை செய்கிறது. உலகுக்கு வேகக் கார் செய்து கொடுக்கும் நாடு அது என்பதை நினைவிற்கொள்க.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான கார்களில் சாரதிக்குத் தெரிவது தண்ணீரின் வெப்பமானி மட்டுமே. அதன் முள் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் தயாராகிவிட்டது என்று எண்ணி மிதித்துவிடுகிறார்கள். ஆனால் ஒயில் சூடாவதற்குத் தண்ணீரைவிட நெடுநேரம் ஆகும். முள் நடுவுக்கு வந்தபின்னும் மேலும் ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுப்பதே அறிவு. ஒயில் வெப்பமானி இருக்குமானால் 80 பாகையைத் தாண்டும்வரை காத்திருக்கலாம். 1998இல் அறிமுகமான பீ.எம்.டபிள்யூ எம் 5 காரைச் செய்தவர்கள் மனிதனின் அவசரத்தை நன்கு அறிந்தவர்கள்போலும். அதன் சுழற்சிமானியைச் சுற்றிச் சிறு எச்சரிக்கை விளக்குகளை வைத்தார்கள். எஞ்சின் குளிராக இருக்கையில் குறைந்த சுழற்சியிலிருந்தே அவை எரியும். ஒயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணைந்து, மேலும் வேகமாகச் சுழற்ற அனுமதி கொடுக்கும். பின்னர் வந்த எம் 3 காரிலும் இந்த ஏற்பாடு இருந்தது. பொறுமையைக் கற்பிக்க விளக்கு ஏற்றவேண்டியிருக்கிறது. ஃபோர்முலா 1 பந்தயக் கார்களுக்கோ இந்தச் சலுகைகூட இல்லை. அவற்றின் எஞ்சின்கள் அவ்வளவு இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை. வெளியிலிருந்து சூடான திரவத்தைச் செலுத்திப் பதப்படுத்திய பின்னரே அவற்றை முடுக்குகிறார்கள்.

இவை உலகத்துக்கெல்லாம் பொதுவானவை. மலைநாட்டுக்கென்று தனியாகச் சில கணக்குகள் உண்டு. கொழும்பிலிருந்து வரும் நண்பர்கள் கவனிக்கத் தவறுவது இவற்றைத்தான்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் ஒன்று காலிமுகத் திடலில் 100 குதிரைவலு தருமானால், நுவரெலியாவில் அதே எஞ்சின் 80க்குச் சற்று மேல்தான் தரும். காருக்குக் கோளாறு ஏதுமில்லை. மூச்சுவிடக் காற்றுக் குறைவு, அவ்வளவே. இதை அறியாதவர் கார் இழுக்கவில்லை என்று எரிச்சலடைந்து, கியரைக் குறைத்து மேலும் மேலும் மிதிப்பார். டர்போ உள்ள கார் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் அதே அளவு காற்றைத் திரட்ட அந்த டர்போ மேலும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். சலுகை போலத் தெரிவதற்கும் எங்கோ ஒரு விலை கொடுக்கப்படுகிறது.

அடுத்தது, காலையில் கார் எந்தத் திசையில் புறப்படுகிறது என்பது. சமவெளியில் இதற்குப் பொருளில்லை. மலையில் உண்டு. நுவரெலியாவில் தங்கியவர் விடியற்காலையில் நானுஓயாப் பக்கம் இறங்கினால், இறக்கத்தில் எஞ்சின் எரிபொருளை எரிப்பதே அரிது. ஆகவே பல கிலோமீற்றர் ஓடிய பின்னும் ஒயில் குளிராகவே இருக்கும். அந்நிலையில் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கியரை மிகவும் குறைத்தால், குளிர்ந்த எஞ்சின் கடுமையாகச் சுழலும். தூரத்தை ஓடி முடித்ததனாலேயே எஞ்சின் சூடாகிவிட்டது என்று கொள்வது பிழை. மாறாக, நானுஓயாவிலோ தலவாக்கலையிலோ இரவு தங்கியவர் நுவரெலியா நோக்கிப் புறப்பட்டால், முதல் வளைவிலேயே ஏற்றம் காத்திருக்கும். குளிர்ந்த எஞ்சின்மேல் முழுப் பாரமும் ஏறிவிடும். இறங்குபவர் நடுத்தரக் கியரில் நிதானமாக இறங்க வேண்டும். ஏறுபவர் எஞ்சினைத் திணறவும் விடாமல், அலறவும் விடாமல் பொறுமையாக ஏற வேண்டும். பின்னால் வருபவர் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.

பந்தயம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நுவரெலியாவில் மாகஸ்தோட்டை தேயிலைத் தோட்டத்து மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. இலங்கையின் மிகப் பழைய மோட்டார்ப் பந்தயங்களில் அதுவும் ஒன்று. துரைமார் காலத்துப் பொழுதுபோக்காகத் தொடங்கி, பின்னர் உள்நாட்டு வீரர்களின் களமாக மாறியது. இத்தகைய பந்தயம் எஞ்சினுக்குக் கடுமையான சோதனை. ஓட்டம் நெடுந்தூரம் அன்று, விரைவில் முடிந்துவிடுவது. ஆனால் புறப்படும் கணத்திலிருந்து முழு வலுவும் வேண்டும். வரிசையில் நின்று குளிர்ந்த கார் அடுத்த நொடியே உச்சச் சுழற்சிக்குப் போகிறது. அனுபவமுள்ள வீரர்கள் இதற்காகவே முன்கூட்டிக் காரைப் பதப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் ஒயிலை மாற்றுகிறார்கள், பாகங்களைக் கழற்றிப் பார்க்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு மறுநாள் பொது வீதியில் அதேபோல மிதிப்பவர்களிடம் அந்த வேகம் இருக்கிறது. அந்த ஆயத்தமும் இல்லை, அந்தப் பராமரிப்பும் இல்லை.

இனி ஆறப் பொறுக்கும் விடயம். கித்துல்கலயிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு விரட்டிக்கொண்டு ஏறிய காரை, தேநீர்க் கடை வாசலில் நிறுத்திய அடுத்த கணமே அணைத்துவிடுவது பலருடைய பழக்கம். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதன் ஒரு பக்கத்தில் கொதிக்கும் புகை, மறு பக்கத்தில் காற்று. நடுவில் அந்த அச்சைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் ஒன்றே. எஞ்சினை அணைத்தால் ஒயில் ஓட்டம் நின்றுவிடும். தேங்கிய ஒயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகும். நாளடைவில் ஒயில் வழியே அடைபட்டு டர்போ மாண்டுபோகும். புதிய கார்கள் சிலவற்றில் எஞ்சின் நின்ற பின்னும் தண்ணீரைச் சுற்றவைக்கும் மின்பம்பி இருக்கிறது. இலங்கையில் ஓடும் லான்சர் எவலூஷன், இம்ப்ரெஸா போன்ற பழைய டர்போக் கார்களின் சாரதிகள் தம் பொறுமையையே நம்ப வேண்டும். கடைசி மூன்று நான்கு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டி வந்தால் போதும். அதற்கு வழியில்லையெனில் நிறுத்தியபின் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணைக்கலாம். காலையில் இருபது நிமிடம் வீணாக ஓடவிட்டவருக்கு மாலையில் இரண்டு நிமிடம் பொறுக்க முடியாமற்போவதுதான் வேடிக்கை.

இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு உருளவிடும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் இது பெருகியது. எரிபொருளை மிச்சப்படுத்துகிறோம் என்பது எண்ணம். உண்மை நேர்மாறானது. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் கணினி எரிபொருளை அறவே நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்கப் பெற்றோலைக் கேட்கும். மிச்சமும் இல்லை. எஞ்சினின் பிடியும் போய்விடுகிறது. முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது.

பிரேக் திரவத்துக்கும் ஓர் எல்லை உண்டு. டொட் 4 தரத்துத் திரவம் புதிதாக இருக்கையில் 230 பாகைக்குக் குறையாமல் கொதிக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய பின் அதற்கு வகுக்கப்பட்ட ஆகக் குறைந்த அளவு 155 பாகைதான். ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியுமாக இருக்கும் பிரதேசத்தில், பல ஆண்டுகளாக மாற்றாத திரவத்தை வைத்துக்கொண்டு இறம்பொடை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே போவது நெருப்போடு விளையாடுவது. திரவம் கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும். மிதி தரைவரை போகும். கார் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் திரவத்தை மாற்றும் செலவு, ஒரு டயரின் விலையோடு ஒப்பிட்டாலும் சொற்பமே. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, ரதல்ல வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு பேர் மாண்டார்கள். அந்த வீதியின் செங்குத்தை அறிந்தவர்கள் இறக்கத்தை ஒருபோதும் இலேசாக எண்ணமாட்டார்கள்.

பழக்கத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்கு இலங்கையில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாட்டில் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. ஆகவே இன்று ஒருவர் வாங்கும் பழைய வேகக் காருடன் முந்தைய மூன்று நான்கு உரிமையாளர்களின் குணமும் சேர்ந்தே வருகிறது. ஓடிய கிலோமீற்றர் குறைவு என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். அதை மட்டும் நம்பி வாங்குவது சாதகத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துக் கல்யாணம் பேசுவதைப் போன்றது. கொழும்பில் பதினொரு மாதம் மூடிவைத்து, ஏப்ரலில் மட்டும் மலையேற்றி விரட்டிய காரின் கிலோமீற்றர் குறைவாகத்தான் இருக்கும். அதன் ஒயிலில் ஈரம் இருக்கும், இரப்பர் வளையங்கள் காய்ந்திருக்கும், பற்றரி சோர்ந்திருக்கும். நாள்தோறும் நிதானமாக நெடுந்தூரம் ஓடிய கார் அதைவிட ஆரோக்கியமாக இருக்கக்கூடும்.

வாங்க விரும்புவோருக்கு நான் சொல்லும் யோசனை எளியது. காரை முன்கூட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்களே முடுக்கி, அதன் ஓசையைக் கேளுங்கள், புகையின் நிறத்தைப் பாருங்கள். ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள். பின்னர் விற்பவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்திருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் அவர் எப்படி ஓட்டுகிறாரோ அப்படித்தான் அத்தனை ஆண்டுகளும் ஓட்டியிருப்பார். கிலோமீற்றர் மானியைத் திருத்திவிடலாம். கால் பழக்கத்தை ஒரு பிற்பகலுக்குள் திருத்திவிட முடியாது.

கடைசியாக, இந்த விடயத்தை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். மலைநாட்டில் வீதியோரம் என்பது வெறும் ஓரம் அன்று. அங்கே லயங்கள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துரைத்தனம் தொடக்கிவைத்த அந்த வரிசை அறைகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. எஞ்சின் குளிராக இருக்கையில் வெளிவரும் புகையே மிக நச்சுத்தன்மை வாய்ந்தது. புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிற்றிக் கருவி ஏறத்தாழ 250, 300 பாகை சூடேறினால்தான் வேலை செய்யத் தொடங்கும். வலுவைக் கூட்டுவதற்கென்று அந்தக் கருவியையே கழற்றி எறிந்தவர்களும் உண்டு. காற்று அசையாத மலைக் காலையில், விடுதி முற்றத்தில் இருபது நிமிடம் உறுமி நிற்கும் காரின் புகை தாழ இறங்கி, கீழேயுள்ள லயத்துக்குள் புகும். அங்கே பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளைகளும் இருமலோடு படுத்திருக்கும் முதியவர்களும் அதைச் சுவாசிக்கிறார்கள். காருக்கும் பயனில்லாத ஒரு சடங்குக்காக அவர்கள் இதைச் சுமக்க வேண்டுமா?

இதே மலைநாட்டில்தான் காத்திருப்பை ஒரு தொழிலாகவே கற்றவர்களும் வாழ்கிறார்கள். பறித்த கொழுந்தை அப்படியே அரைத்துவிட முடியாது. மணிக்கணக்கில் வாட்ட வேண்டும். உலர்த்தும் இயந்திரம் உரிய சூட்டுக்கு வருமுன் அதில் கொழுந்தைப் போட்டால் தேயிலை கெட்டுவிடும் என்பது தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரியும். இயந்திரத்துக்கு அதன் நேரத்தைக் கொடுக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு எந்தக் கையேடும் சொல்லித்தரவில்லை. அதே தோட்டங்களின் லொறிகளை ஆண்டுக்கணக்கில் அதே வளைவுகளில் ஓட்டி, முதல் எஞ்சினோடேயே ஓய்வு பெறவைத்த சாரதிகளை எனக்குத் தெரியும். அவர்களுடைய பெயர் எந்தப் பந்தயக் கிண்ணத்திலும் பொறிக்கப்படவில்லை. வாகனத்தைப் பேணும் கலையில் அவர்களை மிஞ்சியவர்களை நான் கண்டதில்லை.

அடுத்த ஏப்ரலில் மலைக்கு வரும் அன்பர்கள் தாராளமாக வேகக் காரிலேயே வரட்டும். அழகான இயந்திரத்தை நேசிப்பதில் குற்றமில்லை. காலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்ற இடத்தில் உறுமாமல் புறப்படுங்கள். முதல் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். இறக்கத்தில் கியரிலேயே இறங்குங்கள். நிறுத்துவதற்கு முன் சற்று ஆறவிடுங்கள். இந்த நான்கையும் செய்ய ஒரு சதமும் செலவில்லை. உங்கள் எஞ்சின் நெடுநாள் வாழும். வீதியோரத்தில் கூடையோடு ஒதுங்கி நிற்கும் அந்தப் பெண்ணும் புகையை விழுங்காமல் மலையேறுவாள்.